நாடகத்தைப் படிக்கிற பிள்ளைகளுக்குப் பார்க்கவும் சொல்லிக்கொடுப்போம்

எங்கள் சேலம் பக்கத்துக் கல்லூரிகளில் இலக்கியம் படிக்கிற ஒரு பிள்ளையிடம் நாடகம் பற்றிக் கேளுங்கள். கதைப்பின்னல், பாத்திரப் படைப்பு, உரையாடல், முரண், உச்சக்கட்டம், முடிவு என்று மடமடவென ஒப்பித்துவிடும். அதே பிள்ளையிடம் ஓமலூர், எடப்பாடி பக்கம் ஒரு மாரியம்மன் பண்டிகையில் விடிய விடிய நடந்த கூத்தைப் பற்றி இரண்டு பத்தி எழுதச் சொல்லுங்கள். "நடிப்பு அருமை, வேஷம் நன்றாக இருந்தது" என்பதோடு பேனா நின்றுவிடும். பிள்ளைகளை நான் குறை சொல்ல மாட்டேன். தாளில் இருக்கிற நாடகத்தைப் பற்றிப் பேசச் சொற்களைக் கொடுத்தோம். கண்ணெதிரே நடக்கிற நாடகத்தைப் பேச எதையும் கொடுக்கவில்லை. நாடகப் பாடம் நடத்துகிறேன் என்கிற உரிமையில் இதை எழுதுகிறேன்.

பிரதியை, அதாவது எழுத்தில் இருக்கும் நாடகத்தை வைத்துப் பேசும் சொற்கள் வேண்டாம் என்று சொல்ல வரவில்லை. அவற்றையும் சரியாகப் பயன்படுத்தினால் பெரிய வேலை செய்யும். ஷேக்ஸ்பியரின் ஹாம்லெட்டில் முதல் வரியே "யார் அங்கே?" என்பதுதான். நள்ளிரவு, கோட்டைக் காவல். அந்தக் கேள்வியைக் கேட்பது யார் என்று பாருங்கள். காவலில் நிற்பவன் கேட்கவேண்டிய கேள்வி அது. கேட்பவனோ அவனை மாற்றிவிட வருகிறவன். "நீ முதலில் பதில் சொல்" என்று காவலில் நிற்பவன் திருப்பிக் கேட்கிறான். இந்த ஊரில் எல்லோரும் பயந்துபோய் இருக்கிறார்கள், எதுவோ சரியில்லை என்பது இரண்டே வரியில் வந்துவிடுகிறது. 'உட்பொருள்' என்று நாம் வகுப்பில் சொல்வது இதைத்தான்: பாத்திரம் வாயால் சொல்வதற்கு அடியில் ஓடுகிற விஷயம்.

அடுத்த சில வரிகளில் "குளிர் தாங்கவில்லை" என்கிறான் காவலன். அதைச் சூழல் வருணனை என்று எழுதினால் மதிப்பெண் கிடைத்துவிடும். ஆனால் அந்தக் காலத்து குளோப் அரங்கம் கூரையில்லாத முற்றம் கொண்டது, நாடகம் நடந்தது பிற்பகல் வெயிலில். நட்டநடுப் பகலில் நிற்கும் கூட்டத்துக்கு நள்ளிரவையும் குளிரையும் சொற்களாலும் நடிகரின் உடம்பாலும் மட்டுமே காட்டியாக வேண்டும். அந்த வரி விளக்கின் வேலையையும் திரைச்சீலையின் வேலையையும் சேர்த்துச் செய்கிறது. வசனத்துக்குள்ளேயே ஒளிந்திருக்கும் மேடைக் குறிப்பு என்று இதைச் சொல்ல வேண்டும். பிரதியைப் படிக்கும்போதே நிகழ்த்துதலையும் மனதில் வைத்திருக்கிறவருக்குத்தான் இது கண்ணில் படும்.

மேடையைப் பற்றிய பேச்சு நமக்குப் புதிதும் இல்லை. சிலப்பதிகாரத்தின் அரங்கேற்று காதையைப் பாட்டாகப் படித்துவிட்டுப் போகிறோம். ஒரு மேடை அமைப்பாளர் படிப்பதுபோல் படித்துப் பாருங்கள். ஏழு கோல் அகலம், எட்டுக் கோல் நீளம், ஒரு கோல் உயரம் என்று அரங்கின் அளவு இருக்கிறது. கோல் என்றால் 24 விரல் என்று அதற்கும் அளவு இருக்கிறது. உள்ளே போக ஒரு வாயில், வெளியே வர ஒரு வாயில். ஒருமுக எழினி, பொருமுக எழினி, கரந்துவரல் எழினி என்று மூன்று வகைத் திரை. எல்லாவற்றிலும் எனக்குப் பிடித்தது விளக்கு பற்றிய இடம்: தூணின் நிழல் ஆடுமிடத்தில் விழாமல் வெளியே போகும்படி விளக்கை வைக்க வேண்டும். இன்று ஒளியமைப்பு என்று தனிப் படிப்பாகச் சொல்லித்தருவதன் முதல் கவலையே இதுதானே! இத்தனையும் நம் பாடத்திட்டத்தில் 'மாதவியின் அரங்கேற்றச் சிறப்பு' என்று ஐந்து மதிப்பெண் கேள்வியாகச் சுருங்கிக் கிடக்கிறது.

சரி, கூத்துக்கு வருவோம். ஒரு ராஜ வேஷம் களரிக்கு, அதாவது கூத்தாடும் இடத்துக்கு வருவதை எடுத்துக்கொள்ளுங்கள். இரண்டு பேர் துணித் திரையைப் பிடித்து நிற்கிறார்கள். வேஷக்காரர் திரைக்குப் பின்னால் நின்று விருத்தம் பாடுகிறார். குரல்தான் முதலில் வருகிறது, அப்புறம் சலங்கை, திரைக்கு மேலே கிரீடத்தின் நுனி, கீழே கால். முகவீணையும் மிருதங்கமும் ஏறிக்கொண்டே போகும். திரை விலகும்போது, கல்யாண முருங்கைக் கட்டையில் செதுக்கிக் கண்ணாடிச் சில்லு பதித்த அணிகலன்களோடு அவர் ஒரு கிறிக்கி சுற்றுகிறார். அச்சுப் புத்தகத்தில் இது "துரியோதனன் வருதல்" என்று ஒற்றை வரி. நான்கு வரி விருத்தத்தைக் கால் மணி நேரம் நீட்டவும் முடியும், இரண்டு நிமிடத்தில் முடிக்கவும் முடியும். அதைக் கூத்துக் குழுவை நடத்தும் வாத்தியார் கூட்டத்தைப் பார்த்து அங்கேயே முடிவு செய்கிறார். இந்த வேகம், நுழைவு, வெளி, ஒலி, எல்லாவற்றுக்கும் மேலாகப் பார்வையாளருக்கும் நடிகருக்கும் உள்ள தூரம், இவற்றையெல்லாம் கவனிக்கப் பழக்காமல் கூத்தை எப்படி ஆராய்வது?

எங்கே ஆரம்பிப்பது என்று கேட்கும் பிள்ளைகளுக்கு நாட்டிய சாத்திரம் சொல்லும் நான்கு வகை அபிநயங்களையே கொடுக்கிறேன். உடம்பால் செய்வது ஆங்கிகம், குரலும் சொல்லும் வாசிகம், வேஷமும் அணியும் ஆகார்யம், உள்ளத்திலிருந்து எழுந்து மெய்யில் தெரிவது சாத்விகம். கூடவே உள்ளத்து உணர்ச்சி உடம்பில் தெரிவதைச் சொல்லும் தொல்காப்பியத்தின் எட்டு மெய்ப்பாடுகள். பார்ப்பதைக் குறித்துக்கொள்ள இது போதும்.

ஆனால் ஒரு காட்சியில் இவையும் போதாமல் போகும். துரோபதை துகிலுரிதல். பல ஊர்களில் துச்சாதனன் வேஷம் கட்டியவர் சேலையைத் தொடுவதற்கு முன் ஆட்டம் நிற்கும். கற்பூரம் ஏற்றுவார்கள். அவர் துரோபதையாக நிற்கும் நடிகரைக் கும்பிட்டு, இந்த வேஷத்துக்காகத்தான் செய்கிறேன், மன்னித்துக்கொள் தாயே என்று வேண்டிக்கொள்வார். கும்பிடுகிறது யார்? துச்சாதனன் கும்பிட மாட்டான். நடிகர் என்றால், எதிரே நிற்பதும் இன்னொரு நடிகர்தானே, அதுவும் ஆண். முன்வரிசையில் உட்கார்ந்திருக்கும் பெண்களும் அதே நேரத்தில் கன்னத்தில் போட்டுக்கொள்கிறார்கள். நடிகர், பாத்திரம், பக்தர் மூவரும் ஒரே உடம்பில் நிற்கிற இடம் இது. பிரதியில் இதற்கு ஒரு வரிகூட இருக்காது. அந்த இரவின் மொத்தக் கனமும் அங்கேதான் இருக்கிறது என்பது என் எண்ணம். 'பாத்திரப் படைப்பு' என்ற ஒரே சொல்லை வைத்துக்கொண்டு இதை எழுத முடியாது.

வெளியிலிருந்து வந்த சொற்களை அப்படியே ஒட்டுவதிலும் எனக்குச் சம்மதம் இல்லை. கூத்தின் கோமாளியான கட்டியக்காரன் கூட்டத்தைப் பார்த்து ஊர் நாட்டாமையைக் கிண்டல் செய்தால் உடனே "நான்காம் சுவரை உடைக்கிறான்" என்று கட்டுரைகளில் எழுதுகிறார்கள். நடிகருக்கும் பார்வையாளருக்கும் நடுவே கண்ணுக்குத் தெரியாத சுவர் இருப்பதாகக் கற்பனை செய்துகொண்ட ஐரோப்பிய மேடைக்கு அது பொருந்தும். மூன்று பக்கம் ஜனம் உட்கார்ந்து, குழந்தை தூங்கி, டீ ஓடிக்கொண்டிருக்கும் களரியில் அப்படி ஒரு சுவரை யாரும் கட்டவே இல்லை. இல்லாததை எப்படி உடைப்பது?

உச்சக்கட்டமும் அப்படித்தான். ஐந்து படியாக ஏறி இறங்கும் கோபுரப் படத்தை 1863இல் குஸ்தாவ் ஃப்ரைடாக் என்ற ஜெர்மானியர் வகுத்தார். கர்ண மோட்சம் பார்க்க வந்தவர்களில் கர்ணன் சாவான் என்று தெரியாதவர் யார்? அவன் குந்தியின் மூத்த மகன் என்பதும் தெரியும். அர்ச்சுனனுக்குத் தெரியாதது முன்வரிசைப் பாட்டிக்குத் தெரியும் என்கிற இந்த நாடக முரண்தான் அங்கே ஆளைக் கட்டிப்போடுகிறது. அடுத்து என்ன ஆகும் என்ற பதைப்பு அங்கே இல்லை. கர்ணனின் மனைவி பொன்னுருவி எப்படிப் பாடப்போகிறாள் என்ற காத்திருப்பு இருக்கிறது. அப்புறம் பொழுது: ராத்திரி பூராவும் கண்விழித்த உடம்போடு, கிழக்கு வெளுக்கும் நேரத்தில் ஒரு சாவைப் பார்ப்பது வேறு, மத்தியானம் வகுப்பறையில் அதைப் படிப்பது வேறு. பார்வையாளரின் களைப்பையும் ஆய்வுக்குள் கொண்டுவர வேண்டும் என்று நான் அடித்துச் சொல்வேன்.

பாடத்திட்டக் குழுவில் இருப்பவர்களிடம் கேட்பது இதுதான். நாடகத் தாளில் ஒரு கட்டாயக் கேள்வி வையுங்கள்: "நீங்கள் நேரில் பார்த்த ஒரு நிகழ்வில் ஒரு நுழைவுக் காட்சியை மட்டும் எடுத்துக்கொண்டு ஒளி, ஒலி, நடமாட்டம், வேஷம், பார்வையாளரின் எதிர்வினை ஆகியவற்றை எழுதுக, அச்சுப் பிரதியில் அதே இடம் எப்படி இருக்கிறது என்று ஒப்பிடுக." எதுவும் பார்க்காத பிள்ளை இதற்குப் பதில் எழுத முடியாது, அதனால் போய்ப் பார்க்கும். பங்குனி, சித்திரையில் நம் மாவட்டத்தில் கூத்துக்குப் பஞ்சமே இல்லை. ஏதாவது ஒரு கூத்துச் செட்டின் வாத்தியாரை வகுப்புக்கு அழைத்து, திரை பிடிப்பதிலிருந்து மங்களம் வரை அவர் சொற்களிலேயே சொல்ல வையுங்கள். பொன்னாடை போட்டு, போட்டோ எடுத்து அனுப்பிவிடாதீர்கள். வெளியூரிலிருந்து வரும் பேராசிரியருக்கு என்ன மதிப்பூதியமோ, அதே தொகையை அவருக்கும் கொடுங்கள்.