வேலைக்குப் பணம் கேட்டால் எழுந்து வந்துவிடுங்கள்

செவிலியர்களை இங்கிலாந்துக்கு அனுப்புவதாகச் சொல்லும் ஒரு முகவரின் காணொளியை எனக்கு இதுவரை பதினோரு பேர் அனுப்பிவிட்டீர்கள். "எட்டு லட்சம் கட்டுங்கள், ஆறே மாதத்தில் இங்கிலாந்து" என்று அவர் சிரித்துக்கொண்டே சொல்வதை என்னால் முழுதாகப் பார்க்க முடியவில்லை.

செவிலியர் வேலைக்கு யாருக்கும் விலை கொடுக்க வேண்டியதில்லை. வேலை தேடுகிறவரிடம் ஆள்சேர்ப்புக் கட்டணம் வாங்கக்கூடாது என்று இங்கிலாந்தின் நெறிமுறையே சொல்கிறது. ஐஇஎல்டிஎஸ் அல்லது ஓஇடி என்ற ஆங்கிலத் தேர்வு, கணினியில் எழுதும் செவிலியர் தேர்வு, அங்கே போய் ஓஸ்கி செய்முறைத் தேர்வு என்று தேர்வுக் கட்டணங்கள் உண்டு. அவற்றை நடத்துகிறவர்களிடமே நேரடியாகக் கட்டலாம். பதிவு பெற்ற முகவர் கட்டணம் வாங்க இந்திய விதி அனுமதித்தாலும், அதன் உச்சவரம்பு 30,000 ரூபாயும் ஜிஎஸ்டியும்தான். எட்டு லட்சம் எந்தக் கணக்கு?

அதுவும், அவர் விற்பது செவிலியர் வேலையே இல்லை. முதியோர் இல்லப் பராமரிப்பாளராகப் போய்ப் பிறகு நர்ஸ் ஆகலாமாம். பராமரிப்பாளர்களை வெளிநாட்டிலிருந்து புதிதாக எடுப்பதை அந்த நாடு 2025 ஜூலை 22ஆம் தேதியே நிறுத்திவிட்டது.

2019இல் நானும் ஒரு முகவரிடம் கொடுத்தேன். அம்மாவின் சங்கிலியை அடகு வைத்து இரண்டரை லட்சம். ரசீது கேட்டதற்கு, "நம்பிக்கை இல்லையென்றால் விட்டுவிடுங்கள் சிஸ்டர்" என்றார்கள். நான்கு மாதம் கழித்துப் போனால், அவர்களின் மாடி அலுவலகக் கதவில் 'வாடகைக்கு' என்று ஒட்டியிருந்தது. சங்கிலி ஏலத்தில் போய்விட்டது. பிறகு இங்கிலாந்து மருத்துவமனை ஒன்று நேரடியாக நடத்திய நேர்காணலில் தேர்வானேன். ஒரு பைசா கேட்கவில்லை. விமான டிக்கெட்டும் அவர்களே எடுத்தார்கள்.

முகவர் இல்லாமல் கிராமத்துப் பெண் எப்படிப் போவாள் என்பீர்கள். தமிழக அரசின் அயல்நாட்டு வேலைவாய்ப்பு நிறுவனம் கிண்டியில் இருக்கிறது. அங்கே கேளுங்கள்.

"நீ போய்ச் சேர்ந்துவிட்டாய், மற்றவர்களைத் தடுக்கிறாய்" என்று ஒரு அண்ணன் எழுதியிருந்தார். இதுதான் வலிக்கிறது. எட்டு வருடம் ஐசியூவில் நின்றவள் நான். அங்கே ஓஸ்கி முடியும்வரை தனியாக ஒரு மாத்திரை கொடுக்க எனக்கு அனுமதி இல்லை. தேறிய பிறகும் புதிதாகப் படித்து வந்த பெண்களோடு அடிமட்டச் சம்பளத்தில்தான் தொடங்கினேன். இதையெல்லாம் தெரிந்துகொண்டு வாருங்கள் என்பது தடுப்பதா?

வெளிநாடு போவதே பணத்தாசை என்று வேறு சொல்கிறார்கள். 2015இல் அரசுத் தேர்வு எழுதி வென்று ஒப்பந்தத்தில் சேர்ந்த செவிலியர்களுக்குத் தமிழ்நாட்டில் அப்போது மாதத் தொகுப்பூதியம் 7,700 ரூபாய். தனியார் மருத்துவமனைகளில் குறைந்தது 20,000 கொடுங்கள் என்று 2016இல் மத்திய அரசின் குழு பரிந்துரைத்தது. உங்கள் ஊர் நர்சிங் ஹோமில் இன்று எவ்வளவு தருகிறார்கள் என்று அங்கே ஊசி போடும் பெண்ணிடம் கேட்டுப் பாருங்கள். அந்தச் சம்பளத்தில் இருக்கிறவளிடம்தான் அவர் எட்டு லட்சம் கேட்கிறார்.

ஏற்கெனவே கட்டிவிட்ட தங்கைகள் வாட்ஸ்அப் உரையாடலை அழித்துவிடாதீர்கள். வங்கி ரசீதையும் எடுத்து வையுங்கள். புகார் எழுத நான் கூட இருக்கிறேன்.