நாற்பதாவது பத்தி

எலி ஸெய்ரா என்றதும் 'கோட்டை விட்ட உளவுத் தலைவர்' என்று ஒரே வரியில் முடித்துவிடுவார்கள். 1973 அக்டோபரில் எகிப்தும் சிரியாவும் இஸ்ரேலைத் தாக்கிய போரின்போது இஸ்ரேல் ராணுவ உளவுத்துறையான அமானுக்கு அவர்தான் தலைவர். கோட்டை விட்டார்தான். ஆனால் எனக்கு அவர்மேல் உள்ள கோபம் வேறு.

அதே வருடம் மே மாதவாக்கில் எகிப்து போருக்கு வருகிறது என்று பேச்சு எழுந்தது. தலைமைத் தளபதி டேவிட் எலாசார் படையை உஷார்படுத்தினார். ஸெய்ரா 'வராது' என்றார். வரவில்லை. அப்புறம் யார் அவரை மறுத்துப் பேசுவார்கள்? அமானின் கணக்கு இதுதான்: நெடுந்தூரக் குண்டுவீச்சு விமானங்கள் கைக்கு வராமல் எகிப்து போரில் இறங்காது, எகிப்து இறங்காமல் சிரியா இறங்காது.

அக்டோபர் 1 அன்று தெற்குக் கட்டளையகத்தின் இளம் லெப்டினன்ட் பின்யாமின் சிமன் டோவ், 'எகிப்தியர் நடத்துவது பயிற்சி அல்ல, போருக்கான திரை' என்று எழுதிக் கொடுத்தார். மேலதிகாரி அதை மேலே அனுப்பவே இல்லை. பெரியவர் மனசு தெரிந்த இடத்தில் கீழே இருப்பவர்களே வடிகட்டிவிடுவார்கள்.

அக்டோபர் 5 அமான் அறிக்கை இன்னும் விசேஷம். பத்தி பத்தியாக எகிப்தின் போர் ஆயத்தங்கள். நாற்பதாவது பத்தியில், இத்தனைக்கும் பிறகு, போருக்கு வாய்ப்பு குறைவு என்று முடிகிறது. (ஆடிட் ரிப்போர்ட் எழுதியவர்களுக்கு இந்த நாற்பதாவது பத்தி நன்றாகவே பழக்கம்.) மறுநாள் பிற்பகல் 2 மணிக்குப் போர்.

சரி, கணிப்பு யாருக்கும் தவறும். அதை மன்னித்துவிடலாம். எகிப்தின் தகவல் தொடர்புக் கம்பிகளில் இஸ்ரேல் ரகசியமாக ஒட்டுக்கேட்கும் கருவிகளைப் பொருத்தி வைத்திருந்தது. இந்த மாதிரி நாளுக்குத்தான் அவை. இயக்கினால் குட்டு உடைந்துவிடும் என்று ஸெய்ரா இழுத்தடித்தார். அதுவும் ஒரு முடிவு, போகட்டும். ஆனால் எலாசார் விசாரித்தபோது, அவை ஓடிக்கொண்டிருக்கின்றன என்று அவர் நம்பும்படி ஸெய்ரா விட்டுவிட்டார். கருவியிலிருந்து எச்சரிக்கை வரவில்லை, அப்படியானால் ஆபத்தில்லை என்று தளபதி நினைத்தார். அணைத்து வைத்த ரேடியோவில் என்ன செய்தி வரும்?

1974 ஏப்ரலில், இந்தத் தவறுகளை விசாரித்த அக்ரனாத் கமிஷன் ஸெய்ராவை நீக்கச் சொன்னது. பாதுகாப்பு அமைச்சர் மோஷே தயானைத் தொடவில்லை, அது தனிக் கதை. எலாசாரும் பதவியை விட்டார். இரண்டே வருடத்தில், நீந்திக்கொண்டிருந்தபோது மாரடைப்பில் போய்விட்டார். வயது 50. ஸெய்ரா தொண்ணூறு தாண்டியும் இருந்தார்.