உத்தரவை மீறினால் 200 ரூபாய்

ஆய்வகத்தில் எலி, முயல், குதிரை எதையுமே தொடக்கூடாது என்பவர்களோடு என்னால் முழுசாக ஒத்துப்போக முடியவில்லை. பண்ருட்டிப் பக்கம் முந்திரிக்கொட்டை பொறுக்கப் போன என் சித்தியைச் சருகுக்குள் கிடந்த கண்ணாடி விரியன் போட்டுவிட்டது. கடலூர் பெரியாஸ்பத்திரியில் ரத்தத்தைக் கண்ணாடிக் குழாயில் எடுத்து, 20 நிமிஷம் ஆட்டாமல் வைத்திருந்து சாய்த்துப் பார்த்தார்கள். உறையவே இல்லை, விஷம் ஏறியிருக்கிறது என்று அர்த்தம். விஷமுறிவு மருந்துத் தூளைக் கரைத்து டிரிப்ஸில் ஏற்றினார்கள். பிழைத்துக்கொண்டார்.

அந்த மருந்து குதிரை ரத்தத்திலிருந்து வருகிறது. விஷத்தைக் கொஞ்சம் கொஞ்சமாகக் குதிரைக்கு ஏற்றி, அதன் உடம்பில் உண்டாகும் எதிர்ப்பொருளைப் பிரித்தெடுக்கிறார்கள். ஒரு மில்லி மருந்து 0.6 மில்லிகிராம் கண்ணாடி விரியன் விஷத்தை முறிக்க வேண்டும். முறிக்கிறதா என்று பார்க்க, இரண்டையும் கலந்து சுண்டெலிகளுக்குப் போட்டு, எத்தனை பிழைக்கின்றன, எத்தனை சாகின்றன என்று எண்ணுகிறார்கள். சித்திக்காக அவை துடித்தது பரவாயில்லை என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. அந்த மருந்தே வேண்டாம் என்று சொல்லவும் வரவில்லை.

அதனால்தான் சட்டத்தின் மேல் எனக்கு இவ்வளவு கோபம். 1960ஆம் வருஷத்து மிருகவதைத் தடுப்புச் சட்டத்தின் 17வது பிரிவில் எல்லாம் நன்றாகவே இருக்கிறது. சின்னப் பிராணி போதுமென்றால் பெரியதைத் தொடாதே, கைப்பழக்கத்துக்காக மட்டும் அறுக்காதே என்கிறது. நிறுவனத்துக்கு நிறுவனம் நெறிமுறைக் குழு உண்டு, அதில் விஞ்ஞானி அல்லாத ஒருவரும் இருக்க வேண்டும். சோதனையையே நிறுத்தச் சொல்ல, விலங்குச் சோதனைகளைக் கண்காணிக்கும் மத்தியக் கமிட்டிக்கு அதிகாரம் இருக்கிறது. ஆனால் அந்த உத்தரவையே மீறினாலும், 20வது பிரிவின்படி அபராதம் அதிகபட்சம் 200 ரூபாய். கடலூர் மஞ்சக்குப்பத்தில் ஹெல்மெட் இல்லாமல் போலீஸில் மாட்டினால் 1,000!

மாற்று வழியெல்லாம் நடக்காத காரியம் என்பவர்கள், தொப்புளைச் சுற்றிப் போட்ட நாய்க்கடி ஊசியை நினைத்துப் பாருங்கள். ஆட்டு மூளையிலிருந்து செய்தது. அதனாலேயே கை கால் முடங்கியவர்களும் உண்டு. 2004 டிசம்பரோடு இந்தியாவில் அதன் தயாரிப்பு நின்றது. இப்போது செல் வளர்ப்பில் செய்த ஊசிதான், கையில் போடுகிறார்கள். புது மருந்துகளை விலங்கில்லாத முறைகளிலும் சோதிக்கலாம் என்று 2023இல் விதியையும் திருத்திவிட்டார்கள்.

சிதம்பரத்திலிருந்து புதுச்சேரி வரை மருத்துவக் கல்லூரிகளுக்கு நடுவில் வாழ்கிறோம். எந்த விலங்கு, எத்தனை, எதற்காக, மாற்று வழி ஏன் சரிவரவில்லை என்பதை ஒவ்வொரு நிறுவனமும் வருஷாவருஷம் தமிழில் வெளியிட வேண்டும். நெறிமுறைக் குழுவில் இருக்கும் விஞ்ஞானி அல்லாதவர் என்ன ஆட்சேபம் சொன்னார் என்பதும் அதில் இருக்க வேண்டும். அந்த 200 ரூபாயை மாற்றும்படி கடலூர், புதுச்சேரி எம்.பி.க்கள் இருவரும் நாடாளுமன்றத்தில் பேச வேண்டும். நான் இருவருக்கும் கடிதம் எழுதப் போகிறேன். கையெழுத்துப் போட விரும்புகிறவர்கள் சொல்லுங்கள்.