அந்த விலை காருக்கு இல்லை

சிங்கப்பூர் தேக்காவில் எடுத்த அந்த வீடியோவை இந்த இரண்டு நாளில் எனக்கு எத்தனை பேர் அனுப்பியிருக்கிறீர்கள் என்று எண்ணவில்லை. ஊரிலிருந்து வந்தவர் சாலையோரம் நின்ற வெள்ளைக் காரைத் தட்டிக் காட்டி, "இதே கார் சென்னையில் என்ன விலை, இங்கே என்ன விலை? சிங்கப்பூர்க்காரனை டீலர் எப்படி மொட்டையடிக்கிறான் பாருங்கள்" என்று சிரிக்கிறாரே, அதுதான். அவர் மட்டும் சிரித்திருந்தால் விட்டிருப்பேன். கீழே வரிசையாக வந்து சிரித்தவர்கள் நம்மவர்கள். இங்கேயே பிறந்து, இங்கேயே படித்து, மாதம் இரண்டு முறை சிஓஇ, அதாவது கார் வைத்துக்கொள்ளும் உரிமைச் சான்றிதழுக்கான ஏல முடிவைச் செய்தியில் பார்க்கிறவர்கள். மனம் கேட்காமல் நான் அங்கே இரண்டு வரி விளக்கம் எழுதினேன். அதற்கு ஒரு தம்பி போட்ட பதிலை நீங்களும் பார்த்திருப்பீர்கள்: "கார் வாங்க வக்கில்லாதவன்தான் நியாயம் பேசுவான்."

சரி, அதற்குப் பிறகு வருகிறேன்.

பாசிர் பாஞ்சாங் துறைமுகத்தில் கார்க் கப்பல்களுக்குக் கணக்கெடுக்கும் வேலையில் 19 வருடமாக இருக்கிறேன். கப்பலின் சாய்தளம் இறங்கியதும் ஓட்டுநர்கள் ஒருவர் பின் ஒருவராகக் காரை ஓட்டிவந்து நிறுத்துவார்கள். இருக்கையில் பிளாஸ்டிக் உறை அப்படியே இருக்கும். முன்கண்ணாடியில் ஒரு தாள் ஒட்டியிருக்கும். எந்தத் துறைமுகத்துக்குப் போகவேண்டிய வண்டி என்பது அதில்தான் இருக்கும். ஒரே தொழிற்சாலை, ஒரே நிறம், சேசிஸ் எண்கூட அடுத்தடுத்து வரும். அதில் ஒன்று இங்கேயே இறங்கிவிடும். அதன் பக்கத்தில் கண்ணாடி உரசுகிற தூரத்தில் நிற்பது இரண்டு நாள் கழித்து வேறு கப்பலேறி வேறு நாட்டுக்குப் போகும். என் கையிலிருக்கும் ஸ்கேனருக்கு இரண்டும் ஒன்றுதான். துறைமுகத்தின் வேலியைத் தாண்டிய பிறகுதான் ஒன்று ஒரு விலையும் மற்றது மூன்று மடங்கும் ஆகிறது.

அதனால்தான் சொல்கிறேன், அந்த விலை காருக்கு இல்லை.

கணக்கைப் பாருங்கள். ஒரு கார் இங்கே வந்து இறங்கும்போது சுங்கத்துறை அதற்குப் போடும் மதிப்பு 20,000 வெள்ளி (சிங்கப்பூர் டாலர்) என்று வைத்துக்கொள்வோம். அதன்மேல் 20 சதவீதம் கலால் வரி, 4,000. இரண்டையும் சேர்த்து 9 சதவீதம் ஜிஎஸ்டி, 2,160. பதிவுக் கட்டணம் 350. கூடுதல் பதிவுக் கட்டணம் முதல் 20,000 வெள்ளி மதிப்புக்கு 100 சதவீதம், அதாவது இன்னொரு 20,000. விலை உயர்ந்த கார் என்றால் இந்த விகிதம் படிப்படியாக ஏறி, 80,000 வெள்ளிக்கு மேற்பட்ட மதிப்புக்கு 320 சதவீதம் வரை போகும். நாம் சின்னக் காரையே எடுத்துக்கொள்வோம். இதுவரை 46,510 ஆகிவிட்டது. அதன்மேல் சிஓஇ. ஒரு லட்சம் என்று போட்டால் 1,46,510 வெள்ளி. டீலர் லாபம் இன்னும் சேரவில்லை. இதில் கார் எவ்வளவு? 20,000.

டீலர் லாபம் வைப்பதில்லையா என்று கேட்பீர்கள். வைக்கிறார், இனாமாகவா விற்பார்? ஆனால் அவர் லாபமே இல்லாமல் விற்றாலும் உங்களுக்கு விலை ஒன்றரை லட்சத்துக்குப் பக்கத்தில்தான் நிற்கும். அவரை மொட்டையடிக்கிறவன் என்று சொல்லிச் சிரிப்பதில் அர்த்தமில்லை.

வீடியோவில் அவர் சென்னை விலையைச் சொன்னாரே, அங்கே ஓடும் கார்களில் பெரும்பாலானவை அந்த நாட்டிலேயே செய்தவை. ஸ்ரீபெரும்புதூர்ப் பக்கம் போனாலே தொழிற்சாலைகளைப் பார்க்கலாம். முழுதாகக் கட்டி வெளிநாட்டிலிருந்து வரும் 40,000 அமெரிக்க டாலருக்கு மேற்பட்ட காருக்கு இந்தியா பல ஆண்டுகளாக 100 சதவீத இறக்குமதி வரி வாங்கியது. அந்தக் காரின் சென்னை விலையை அவர் சொல்லவில்லையே, ஏன்? மலேசியாவில் 1983-ல் புரோட்டோனைத் தொடங்கியபோது அதைக் காப்பாற்ற வெளிநாட்டுக் கார் மேல் பெரிய வரி போட்டார்கள். இலங்கையில் 2020 மார்ச்சில் அந்நியச் செலாவணியைக் காக்க இறக்குமதியையே நிறுத்தினார்கள். தனியார் கார்களுக்கு 2025 பிப்ரவரியில்தான் கதவு திறந்தது. யாழ்ப்பாணத்தில் உறவு வைத்திருப்பவர்களைக் கேளுங்கள், ஓடித் தேய்ந்த பழைய வண்டி அங்கே என்ன விலைக்குப் போனதென்று சொல்வார்கள். டென்மார்க்கில் பதிவு வரி விலை கூடக்கூட 150 சதவீதம் வரை ஏறும். ஹாங்காங்கில் முதல் பதிவு வரி 46 சதவீதத்தில் தொடங்கி 132 வரை போகிறது. ஒவ்வொரு நாடும் தனக்கு எதில் தட்டுப்பாடோ, எதைக் காக்க நினைக்கிறதோ, அதைக் காரின் விலையில் ஏற்றுகிறது.

நமக்குத் தட்டுப்பாடு நிலம். இருக்கிற நிலத்தில் 12 சதவீதம் ஏற்கெனவே சாலை. காப்பாற்றுவதற்கு நமக்குக் கார்த் தொழிற்சாலையும் கிடையாது. புக்கிட் தீமாவில் இருந்த ஃபோர்டு தொழிற்சாலை 1980-லேயே மூடியாகிவிட்டது. இப்போது ஜூரோங்கில் ஹூண்டாய் 2023-ல் திறந்த இடத்தில் மின்சாரக் கார் செய்கிறார்கள். ஜூரோங்கிலேயே செய்த அந்தக் கார் ஜூரோங் சாலையில் இறங்க வேண்டுமென்றாலும் அதே சிஓஇ எடுத்தாக வேண்டும். கப்பலும் இல்லை, இறக்குமதியும் இல்லை, இருந்தும் சிஓஇ. அந்த விலை காருக்கு இல்லை என்பதற்கு இதைவிட என்ன சாட்சி வேண்டும்? சாலையில் பத்து வருடம் இருக்க ஓர் இடம், அதற்குத்தான் அந்தப் பணம்.

1990 மே மாதத்திலிருந்து சிஓஇ ஏலம் நடக்கிறது. ஏலத்தில் ஜெயித்தவர்கள் எல்லோரும் ஒரே தொகையைக் கட்டுவார்கள். இப்போதைய முறையில், தோற்றவர்களில் அதிகம் கேட்டவரின் தொகையோடு ஒரு வெள்ளி. 2023 அக்டோபரில் பெரிய கார் பிரிவில் 1,50,001 என்று வந்ததே, அந்த ஒரு வெள்ளி அதுதான். யாரோ ஒருவர் ஒன்றரை லட்சம் வரை வந்து தோற்றிருக்கிறார். 2018 பிப்ரவரியிலிருந்து கார்களின் எண்ணிக்கை வளர்ச்சி விகிதம் பூஜ்யம். ஒரு கார் போனால்தான் இன்னொரு கார் வரும் என்ற நிலை. 2025-லிருந்து கூடுதலாகச் சில ஆண்டுகளில் 20,000 வரை சிஓஇ விடுவதாகச் சொல்லியிருக்கிறார்கள். கேட்பவர்கள் எத்தனை பேர் என்று பார்த்தால் அது எந்த மூலைக்கு?

"அரசாங்கத்துக்கு ஜால்ரா போடுகிறான்" என்று இப்போதே ஒருவர் தட்டச்சு செய்துகொண்டிருப்பார். ஐயா, ஒரு விஷயம் எப்படி நடக்கிறது என்று சொல்வதும் அது சரி என்று சொல்வதும் ஒன்றா? ஜகார்த்தாவிலும் பேங்காக்கிலும் நெரிசலில் உட்கார்ந்திருக்கிறேன். அது இங்கே வேண்டாம் என்றுதான் நானும் நினைக்கிறேன். சாலைக்கு எல்லை உண்டு என்பதை ஒப்புக்கொள்கிறேன். அந்த எல்லைக்குள் யார் வருவது என்பதைப் பணம் மட்டும்தான் தீர்மானிக்க வேண்டுமா என்பதுதான் என் கேள்வி. இந்தக் கேள்வியைக் கேட்க விடாமல், டீலர் மேல் பழி போட்டுச் சிரித்துவிட்டுப் போகிறார்களே, அதுதான் எனக்கு ஆத்திரம்.

இப்போது அந்தத் தம்பிக்கு வருகிறேன்.

எங்கள் வீட்டில் கார் இருந்தது, தம்பி. அப்பா 2009-ல் வாங்கியது. 2008 இறுதியில் சின்னக் கார் சிஓஇ ஒருமுறை 2 வெள்ளிக்கே போனது, உங்களுக்கு நினைவிருக்காது. அந்த உலக நிதி நெருக்கடியை ஒட்டிய காலத்தில் எங்களைப் போன்ற குடும்பத்துக்கும் ஒரு கார் கிடைத்தது. பத்து வருடம் முடிந்ததும் சிஓஇக்குப் பாதிப் பணம் கட்டி ஐந்து வருடத்துக்குப் புதுப்பித்தோம். ஐந்து வருடப் புதுப்பிப்பு ஒரு தடவைதான். அதன்பின் வண்டி எவ்வளவு நன்றாக இருந்தாலும் சாலையில் வைத்திருக்க முடியாது. 2024-ல் பதிவை நீக்கினோம். அதே சமயம் அப்பாவுக்குச் சிறுநீரகம் கைவிட்டு, வாரம் மூன்று நாள் டயாலிசிஸ்.

வண்டியை விடப்போன அன்று அப்பாவும் வந்தார். 15 வருட வண்டி, ஒரு தட்டில் எஞ்சின் பிடித்துக்கொள்ளும். பின்பெட்டியிலிருந்து அவருடைய மடக்கு நாற்காலியை எடுத்து விரித்தேன். அதில் உட்கார்ந்துகொண்டு, கையிலிருந்த துண்டால் கதவில் ஒட்டியிருந்த பறவை எச்சத்தைத் துடைத்தார். இன்னும் ஒரு மணி நேரத்தில் பிரிக்கப்போகிற வண்டி. "எதுக்குப்பா?" என்றேன். பதில் சொல்லவில்லை. துடைத்து முடித்துத் துண்டை மடியில் போட்டுக்கொண்டார்.

எம்ஆர்டி ரயில் இருக்கிறதே, பஸ் இருக்கிறதே என்பீர்கள். இருக்கிறது, நன்றாகவே இருக்கிறது. நானே தினமும் அதில்தான் வேலைக்குப் போகிறேன். ஆனால் ஊசி குத்திய கை வீங்கி, ரத்த அழுத்தம் இறங்கி, நிற்கும்போதே தலை சுற்றுகிற 74 வயது மனிதரை நாற்காலியில் வைத்து இரண்டு மின்தூக்கி மாறிக் கூட்டிப்போய்ப் பாருங்கள். வாடகைக் கார் எடுக்கலாமே என்பீர்கள். எடுக்கிறோம், வாரம் மூன்று நாள் போகவும் வரவும். மழை பெய்தால் கட்டணம் எங்கே போகிறது என்று உங்களுக்குத் தெரியும். நாற்காலியைப் பார்த்ததும் பயணத்தை ரத்து செய்துவிட்டுப் போன ஓட்டுநரும் உண்டு. அப்பா அதைப் பார்த்துவிட்டு, "இன்னிக்கு வேண்டாம்ப்பா, ஒரு நாள்தானே" என்றார். டயாலிசிஸில் ஒரு நாள் என்றால் என்ன என்பது, வீட்டில் நோயாளி இருப்பவர்களுக்குத் தெரியும்.

கடன் வாங்கலாமா என்றும் பார்த்தேன். மேலே போட்டேனே ஒரு கணக்கு, அந்தக் காருக்கு 70 சதவீதம்தான் கடன் கிடைக்கும். ஏழு வருடத்தில் அடைக்க வேண்டும். கையிலிருந்து முதலில் கிட்டத்தட்ட 44,000 வெள்ளி எண்ணி வைக்க வேண்டும். கப்பல் கணக்கெடுப்பவன் எங்கே போவது?

வக்கில்லாதவன் என்றீர்களே, ஆமாம், பணம் இல்லை. அதை ஒளிக்கவில்லை. ஆனால் எங்கள் அடுக்குமாடிக்கு எதிர்த்த தனியார் வீட்டில் நான்கு கார் நிற்கிறது. அதில் ஒன்று மாதம் ஒருமுறை கழுவுவதற்கு மட்டும் வெளியே வரும். அவர்மேல் எனக்குப் பொறாமை இல்லை, முறைப்படி ஏலம் கேட்டுத்தான் வாங்கியிருக்கிறார். அந்த நாலாவது காரும் சாலையில் ஓர் இடத்தைப் பிடித்திருக்கிறது. என் அப்பாவின் நாற்காலிக்கும் அதே அளவு இடம்தான் தேவை. ஏலம் எங்கள் இருவரிடமும் ஒரே கேள்வியைக் கேட்கிறது, எவ்வளவு தருவாய் என்று. எதற்கு என்று கேட்பதே இல்லை.

யாருக்குத் தேவை அதிகம் என்று எப்படி முடிவு செய்வது, ஆளாளுக்கு ஒரு காரணம் சொல்வார்களே என்று பதில் வருகிறது. கஷ்டம்தான். வேலைக்கு வண்டி ஓட்டியே ஆக வேண்டிய உடற்குறையுள்ளோருக்குச் சலுகை கொடுக்க முடிந்த நாட்டில், வாரம் மூன்று நாள் மருத்துவ நிலையத்துக்குப் போகிறவருக்கு ஒரு வழி யோசிக்க முடியாதா? மருத்துவரின் கடிதம் இருக்கிறது, நிலையத்தின் அட்டை இருக்கிறது, தேதி இருக்கிறது. இவற்றைச் சரிபார்ப்பதா முடியாத காரியம்?

தொகுதி நாடாளுமன்ற உறுப்பினரின் மக்கள் சந்திப்புக்கு ஒருமுறை போய் எழுதிக் கொடுத்துவிட்டு வந்தேன். பரிசீலிப்பதாகப் பதில் வந்தது. அடுத்த வாரம் மறுபடியும் போகிறேன். இதே நிலையில் இருக்கிற குடும்பங்கள் யாராவது என்னோடு வருவதாக இருந்தால் உள்பெட்டியில் சொல்லுங்கள், ஒரே மனுவாகக் கொடுப்போம். அந்தத் தம்பியும் வரலாம். அப்பாவுக்கு அன்று டயாலிசிஸ் இல்லை, அவரையும் கூட்டிவருகிறேன்.