இசாப்பைச் சம்பளத்தோடு கூட்டாதீர்கள்

சித்தி மகன் போன வாரம் இரண்டு ஆஃபர் லெட்டரோடு வீட்டுக்கு வந்தான். ஒன்று சிறுசேரியில் பெரிய ஐடி கம்பெனி, வருஷம் 7 லட்சம். இன்னொன்று பெருங்குடியில் 14 பேர் வேலை செய்யும் ஸ்டார்ட்அப். "இங்க 15 லட்சம்ண்ணா" என்றான். வாங்கிப் பார்த்தேன். கைக்கு வருவது 9 லட்சம், மீதி 6 லட்சம் இசாப் (ESOP), அதாவது கம்பெனியின் பங்கைக் குறித்த விலைக்குப் பிற்பாடு வாங்கிக்கொள்ளும் உரிமை.

நான் இரண்டு பக்கமும் இருந்தவன். சோழிங்கநல்லூரில் பெரிய கம்பெனியில் ஆறு வருஷம். ப்ராஜெக்ட் இல்லாமல் பெஞ்சில் உட்கார்ந்த மாதங்களிலும் சம்பளம் தவறவில்லை, ஆனால் ஒரு வாடிக்கையாளரிடம்கூட நேரில் பேசியதில்லை. அப்புறம் தரமணியில் ஒரு சின்ன கம்பெனி. இரண்டாவது வாரமே வாடிக்கையாளர் முன்னால் உட்கார வைத்தார்கள். இன்று எனக்குத் தெரிந்த வேலையில் பாதி அங்கே கற்றது. அதே இடத்தில் இரண்டு மாதம் சம்பளம் வரவில்லை. வீட்டுக் கடன் தவணைக்காக மனைவியின் வளையலை அடகு வைத்தேன். கம்பெனியின் கையில் எத்தனை மாதத்துக்குப் பணம் இருக்கிறது என்று சேரும்போதே கேட்டிருக்க வேண்டும். கேட்கக் கூச்சப்பட்டேன்.

இசாப் விஷயத்தில்தான் பிள்ளைகள் அதிகம் ஏமாறுகிறார்கள். எல்லோரும் ஃப்ரெஷ்வொர்க்ஸ் என்ற மென்பொருள் கம்பெனியின் கதையைச் சொல்வார்கள். உண்மைதான், 2021 செப்டம்பரில் அது அமெரிக்கப் பங்குச் சந்தையான நாஸ்டாக்கில் பட்டியலானபோது ஊழியர்கள் பல நூறு பேர் கோடீஸ்வரர்கள் ஆனார்கள். ஆனால் அந்தக் கம்பெனி சென்னையில் தொடங்கியது 2010இல். பதினொரு வருஷம்! முதல் வருஷம் முடியும்வரை இசாப்பில் ஒன்றும் நம்முடையதாகாது. முழுவதும் சேர பெரும்பாலும் நான்கு வருஷம் ஆகும். நடுவில் வேலையை விட்டால், பல இடங்களில் 90 நாளுக்குள் பணம் கட்டிப் பங்கை எடுத்தாக வேண்டும். எடுக்கிற அன்றைய மதிப்புக்கும் நாம் கட்டும் விலைக்கும் உள்ள வித்தியாசம் சம்பள வருமானமாகக் கணக்காகி, அதற்கு வரி விழும். பட்டியலாகாத கம்பெனியின் பங்கை அன்றைக்கு வாங்க ஆள் இருக்காது. வரியைக் கைக்காசிலிருந்துதான் கட்ட வேண்டும். தகுதிச் சான்று பெற்ற சில ஸ்டார்ட்அப்களின் ஊழியர்களுக்கு மட்டும் வரியைத் தள்ளிக் கட்டும் சலுகை உண்டு.

'இளவயதில் ரிஸ்க் எடு' என்று மேடையில் பேசுபவர்கள் யாரும் உன் சம்பளத்தை நம்பி வீட்டில் எத்தனை பேர் என்று கேட்பதில்லை. எனக்கு அது கோபமாக வருகிறது. தங்கைக்குக் கல்லூரிக் கட்டணம் கட்ட வேண்டிய, வட்டிக் கடன் இருக்கிற வீட்டிலிருந்து முதல் தலைமுறையாகப் படித்து வரும் பிள்ளை, சிறுசேரிக்கே போகட்டும். அதைக் கோழைத்தனம் என்று சொல்ல யாருக்கும் உரிமை இல்லை.

தம்பியிடம் இதையெல்லாம் சொல்லி, நிறுவனரிடமே நேராகக் கேட்கச் சொன்னேன். நேற்று இரவு போன் செய்தான். பதினொரு மாதத்துக்குப் பணம் இருக்கிறது, அடுத்த முதலீட்டுக்குப் பேச்சு நடக்கிறது, இன்னும் உறுதியாகவில்லை என்று மறைக்காமல் சொன்னாராம். சித்தி வீட்டில் கடன் இல்லை. சித்தப்பாவுக்கு அரசு வேலையில் இன்னும் நான்கு வருஷ சர்வீஸ் இருக்கிறது.

9 லட்சம் என்று நினைத்துக்கொண்டு பெருங்குடிக்கே போ என்று சொல்லிவிட்டேன்.