கன்ட்ரோல்-சி அடித்துப் பார்ப்பது டெஸ்ட் ஆகாது

ஓடும் புரோகிராமுக்கு 'நில்' என்பது போன்ற செய்தியை ஆப்பரேட்டிங் சிஸ்டம் கொண்டுபோய்ச் சேர்ப்பதுதான் சிக்னல். அது வந்தால் உங்கள் புரோகிராம் ஒழுங்காக நிற்குமா என்று கேட்டால், பல டீம்களில் வரும் பதில்: "கன்ட்ரோல்-சி அடிச்சுப் பார்த்தாச்சு, நின்னுடுச்சு." அதை டெஸ்ட் கணக்கில் சேர்க்கவே கூடாது என்பது என் கட்சி.

கன்ட்ரோல்-சி அனுப்புவது சிக்-இன்ட், எண் 2. அதுவும் டெர்மினலின் முன்னணியில் ஓடும் ப்ராசஸ் (ஓட்டத்தில் இருக்கும் புரோகிராம்) குரூப் முழுவதற்கும் போகும். புரொடக்‌ஷனில் அந்த எண்ணைப் பெரும்பாலும் யாரும் அனுப்புவதில்லை. அங்கே புரோகிராம்களைக் கிளப்பி நிறுத்தும் டாக்கர், குபர்னெட்டீஸ், சிஸ்டம்டி மூன்றுமே வேறு ஏதும் சொல்லாவிட்டால் அனுப்புவது சிக்-டெர்ம், எண் 15. கொடுக்கும் அவகாசம் முறையே 10, 30, 90 விநாடி. அதற்குள் அடங்காவிட்டால் உடனே கொன்றுவிடும் சிக்-கில், எண் 9. சிஸ்டம்டி அந்த சர்வீஸின் எல்லா ப்ராசஸுக்கும் அனுப்பும். டாக்கர், கன்டெய்னருக்குள் (புரோகிராமைத் தனியாக அடைத்து ஓட்டும் பெட்டிக்குள்) பிஐடி 1 ஆக, அதாவது ப்ராசஸ் எண் 1 ஆக, இருப்பதற்கு மட்டும்தான் அனுப்பும்.

பெரும்பாலான வம்பு அந்த பிஐடி 1-ல்தான். ஹேண்ட்லர் (சிக்னல் வந்தால் ஓட வேண்டிய கோடு) வைக்காத சாதாரண ப்ராசஸ் 15 வந்தால் செத்துவிடும். பிஐடி 1-க்கு ஆப்பரேட்டிங் சிஸ்டத்தின் மையமான கெர்னல் அந்த வழக்கமான நடவடிக்கையைச் செய்யாது. லேப்டாப்பில் டக்கென்று நின்ற அதே புரோகிராம் கன்டெய்னருக்குள் 10 விநாடி அசையாமல் இருந்து, 9 வாங்கிச் சாகும். டாக்கர்ஃபைலில் (கன்டெய்னரை அமைக்கும் கோப்பில்) கட்டளையைச் சதுர அடைப்பு இல்லாமல் எழுதியிருந்தால் இன்னொரு சிக்கல்: கட்டளைகளை ஓட்டும் ஷெல் பிஐடி 1 ஆக உட்கார்ந்துகொண்டு, வந்த சிக்னலைக் கீழே இருப்பவனுக்குக் கடத்தாமல் விட்டுவிடலாம். ஸ்டாப் கொடுத்ததும் ஒவ்வொரு முறையும் சரியாகப் பத்து விநாடி ஆகி, எக்ஸிட் கோட் (முடிந்த விதத்தைச் சொல்லும் எண்) 137, அதாவது 128 கூட்டல் 9, என்று வந்தால் வேறெங்கும் தேட வேண்டாம். சதுர அடைப்பில் எழுதுங்கள். தொடக்க ஸ்கிரிப்ட் இருந்தால் கடைசி வரியில் எக்ஸெக் போடுங்கள்; ஷெல்லின் இடத்தில் புரோகிராமே உட்கார்ந்துகொள்ளும்.

சரி, டெஸ்ட் எப்படி எழுதுவது? டெஸ்டே புரோகிராமைத் தன் சைல்ட் ப்ராசஸாகக் கிளப்பட்டும். இரண்டு விநாடி ஸ்லீப் போட்டுவிட்டு சிக்னல் அனுப்பாதீர்கள். மெஷின் மெதுவாக இருக்கும் நாளில் ஹேண்ட்லர் பதிவாகும் முன்பே சிக்னல் போய்ச் சேரும், டெஸ்ட் காரணமில்லாமல் விழும். ஹேண்ட்லரைப் பதிவு செய்த பிறகு புரோகிராம் 'ரெடி' என்று ஒரு வரி அச்சிடட்டும், அதைப் படித்துவிட்டு 15 அனுப்புங்கள். பிறகு எப்படிச் செத்தது என்று பாருங்கள். பைதானின் சப்ப்ராசஸ் மாட்யூலில் எக்ஸிட் கோட் மைனஸ் 15 என்று வந்தால் சிக்னலே கொன்றிருக்கிறது. ஹேண்ட்லரே மறுபடி தனக்கு அதே சிக்னலை அனுப்பிக்கொள்ளும்படி எழுதியிருந்தால் ஒழிய, அது ஓடவில்லை என்று அர்த்தம். ஷெல்லில் இதே சாவு 143 என்று தெரியும், 128 கூட்டல் 15. எக்ஸிட் கோட் 0 (ஒழுங்காக முடிந்தது) என்று வந்தாலும் நம்பிவிடாதீர்கள்: கையில் இருந்த வேலை முடிந்ததா, பாதி எழுதிய தற்காலிகக் கோப்பு கிடக்கிறதா என்பதையும் டெஸ்டே பார்க்கட்டும்.

ஷெல் ஸ்கிரிப்டில் டெஸ்ட் எழுதுகிறவர்கள் விழும் குழி ஒன்று உண்டு. ஸ்கிரிப்டுக்குள் ஆம்பர்சண்ட் போட்டுப் பின்னணியில் கிளப்பினால், ஷெல் அந்த ப்ராசஸுக்கு சிக்-இன்ட்டை 'கண்டுகொள்ளாதே' என்று அமைத்துத்தான் கிளப்பும். எக்ஸெக் தாண்டியும் அந்த அமைப்பு தொடரும். பைதான் தொடங்கும்போது இதைப் பார்த்தால், சிக்-இன்ட்டைப் பிடிக்கும் தன் கீபோர்ட் இன்டரப்ட் ஹேண்ட்லரை வைக்காமல் விட்டுவிடும். அப்போது 2 அனுப்பினாலும் நிற்காது. குறை புரோகிராமில் இல்லை, டெஸ்டில்தான். சந்தேகம் வந்தால் ப்ராக் அடைவில் அந்த பிஐடியின் ஸ்டேட்டஸ் கோப்பைத் திறந்து, புறக்கணித்தவை, பிடிப்பவை என்ற இரண்டு சிக்னல் வரிகளையும் பாருங்கள். பதினாறடிமான எண்ணில் 2 என்ற பிட் சிக்-இன்ட், 4000 என்ற பிட் சிக்-டெர்ம்.

சும்மா இருக்கும் புரோகிராமுக்கு சிக்னல் அனுப்பினால் எதுவும் தெரியாது. எழுதிக்கொண்டிருக்கும்போது அனுப்ப வேண்டும். நேரத்தைக் குறிவைத்து அடிக்கவே, புரோகிராம் கெர்னலிடம் விடுக்கும் அழைப்புகளைக் கவனிக்கும் எஸ்ட்ரேஸ் கருவியில் 'இன்ஜெக்ட்' வசதி இருக்கிறது: மூன்றாவது ரைட் அழைப்பில் சிக்-டெர்ம் என்று சொன்னால், ஒவ்வொரு ஓட்டத்திலும் அதே இடத்தில் விழும். ரீட் அழைப்புக்கு ஈஇன்டர் பிழையை ('சிக்னல் குறுக்கிட்டது' என்ற பிழையை) திணிப்பதும் இதே வழியில்தான். குறுக்கிடப்பட்ட அழைப்பைத் தானாக மறுபடி தொடங்கும் எஸ்ஏ-ரீஸ்டார்ட் கொடியைப் போட்டிருக்கிறோமே என்று நிம்மதியாக இருக்க வேண்டாம். தரவு வரும்வரை காத்திருக்கும் போல், செலக்ட், ஈபோல்-வெயிட் அழைப்புகள் மூன்றும் அந்தக் கொடியை மதிப்பதில்லை. நிறுத்தும் வேலை நடந்துகொண்டிருக்கும்போது இரண்டாவது 15 ஒன்றையும் அனுப்பிப் பாருங்கள். கனெக்‌ஷனை இரண்டு முறை மூடப் போய் க்ராஷ் ஆகும் கோடு ஏராளம்.

சைல்ட் ப்ராசஸ்களை வைத்து வேலை வாங்கும் புரோகிராமுக்கு எனக்குப் பிடித்த டெஸ்ட் இது. பேரன்ட்டை, அதாவது சைல்டுகளைக் கிளப்பிய ப்ராசஸை, சிக்-ஸ்டாப் அனுப்பி உறைய வையுங்கள். ஐந்து சைல்டுகளைக் கொல்லுங்கள். பிறகு பேரன்ட் மறுபடி ஓட சிக்-கன்ட் அனுப்புங்கள். சாதாரண சிக்னல்கள் வரிசையில் நிற்பதில்லை; ஐந்து சாவுக்கும் சேர்த்து, சைல்டின் சாவை அறிவிக்கும் சிக்-சைல்ட் ஒரே ஒன்றுதான் போய்ச் சேரும். ஹேண்ட்லர், செத்த சைல்டின் கணக்கை முடிக்கும் வெயிட் அழைப்பை ஒரே ஒரு முறை போட்டிருந்தால், நான்கு ஸோம்பிகள் (செத்தும் கணக்கு முடியாதவை) பிஎஸ் பட்டியலில் 'இசட்' என்று நிற்கும். செத்தவர் இனி யாரும் மிச்சமில்லை என்று வெயிட்-பிஐடி சொல்லும்வரை லூப்பில் கூப்பிட வேண்டும்.

டெஸ்டில் பிடிபடும் என்று நம்பவே கூடாத ஒன்றும் உண்டு: சி மொழியில் ஹேண்ட்லருக்குள் அச்சிடும் பிரின்ட்எஃப், நினைவக இடம் கேட்கும் மாலாக் இவற்றைக் கூப்பிடுவது. மெயின் கோடு மாலாக்கின் பூட்டைப் பிடித்திருக்கும் அந்த நொடியில் சிக்னல் வந்தால்தான் தொங்கும். ஆயிரம் ஓட்டம் பச்சையாகவே வரலாம். அதைக் கோட் ரிவ்யூவில்தான் பிடிக்க வேண்டும். ஹேண்ட்லரில் ஒரு கொடியை உயர்த்து, இல்லை ஒரு பைப்பில் ஒரு பைட் எழுது, மிச்சத்தை மெயின் லூப் பார்த்துக்கொள்ளட்டும்.

சிக்-கில்லைப் பிடிக்க முடியாது, அதனால் அதற்கு டெஸ்ட் எதற்கு என்று கேட்பார்கள். பிடிக்க முடியாததால்தான் வேண்டும். வேலை நடுவில் 9 அனுப்பிவிட்டு உடனே மறுபடி கிளப்பிப் பாருங்கள். பிஐடி கோப்பு (ஓடும் புரோகிராம் தன் பிஐடியை எழுதிவைக்கும் கோப்பு) கிடந்தாலே 'ஏற்கெனவே ஓடுகிறது' என்று மறுக்கும் புரோகிராம் அங்கேயே மாட்டிக்கொள்ளும். அதற்குப் பதில் கோப்பின் மேல் ஃப்ளாக் பூட்டு வைத்திருந்தால், அதைப் பிடித்திருந்த ப்ராசஸ் செத்ததும் கெர்னலே விடுவித்துவிடும். ஆனால் அந்தக் கோப்பைத் திறந்த பிடியான ஃபைல் டிஸ்கிரிப்டர், சைல்டை உருவாக்கும் ஃபோர்க் வழியாக ஏதாவது ஒரு சைல்டுக்குப் போய் அது இன்னும் உயிரோடு இருந்தால் பூட்டு திறக்காது. 9 அனுப்பும் டெஸ்டைச் சைல்டுகள் ஓடும்போதும் ஒருமுறை ஓட்டுங்கள்.