அக்ரோபோலிஸ் பெண் சிலைகள்: அசல் மியூசியத்தில்தான் இருக்கிறது

"ஏதென்ஸ் போனால் அக்ரோபோலிஸ் குன்றை மட்டும் பாருங்கள். எரெக்தியோன் கோயிலைத் தாங்கி நிற்கும் ஆறு பெண் சிலைகளும் அங்கேதான் அசல், கீழே மியூசியத்தில் இருப்பது நகல்" என்று ஒரு வாட்ஸ்அப் செய்தி சுற்றுகிறது. இது தவறு. உண்மை நேர் எதிர்.

குன்றில் இப்போது நிற்பவை ஆறுமே நகல்கள். காற்று மாசு பளிங்கை அரித்ததால் 1979-இல் அசல் சிலைகளை இறக்கிவிட்டார்கள். அவற்றில் ஐந்து, 2009-இல் திறந்த அக்ரோபோலிஸ் மியூசியத்தில் இருக்கின்றன. சுற்றிவந்து பார்க்கலாம், முதுகில் தொங்கும் கனத்த பின்னலின் வேலைப்பாட்டை அவ்வளவு அருகில் பார்ப்பதற்காகவே போகலாம். ஆறாவது சிலையை 19-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பிரிட்டிஷ் தூதர் எல்ஜின் பிரபுவின் ஆட்கள் பெயர்த்தெடுத்தார்கள். அது லண்டன் பிரிட்டிஷ் மியூசியத்தில் உள்ளது.

அக்ரோபோலிஸ் மியூசியத்தின் மேல்தளத்தில், குன்றிலுள்ள பார்த்தெனான் கோயிலின் சிற்ப வரிசையில் சில வெள்ளை வார்ப்புகள் உண்மையிலேயே நகல்தான். குழப்பம் அங்கிருந்து வந்திருக்கலாம்.

இரண்டு மியூசியங்களின் இணையதளங்களிலும் இதைச் சரிபார்க்கலாம். அப்புறம், குன்றுக்கும் மியூசியத்துக்கும் டிக்கெட் தனித்தனி. அந்தச் செய்தி வந்தால் தயவுசெய்து யாருக்கும் அனுப்பாதீர்கள். அனுப்பியவருக்கு இந்த விளக்கத்தைக் கொடுங்கள்.